நான் கூட்டிய இரண்டு அலைகள்

தனியலைகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் கற்பித்தேன். தனியலை என்பது ஆழமில்லாத நீரில் உருக்குலையாமல் ஓடும் ஒற்றை நீர்மேடு. பெரியது வேகமாக ஓடிச் சிறியதை எட்டிப் பிடிக்கும். அப்போது உயரங்கள் கூடிவிடுவதில்லை. பெரியது சற்றுத் தணியும். பிறகு இரண்டும் பழைய உருவோடு பிரிந்துபோகும். சிறியது மட்டும் கொஞ்சம் பின்தங்கிவிடும்.

பென்ஷன் எடுத்துப் புத்தளம் திரும்பிய பிறகு, என் மனைவியின் தம்பிக்கும் இது தெரியும் என்று அறிந்தேன். அவன் பாலாவிப் பக்கத்து உப்பளமொன்றில் வாய்க்கால் பலகையைத் தூக்கிப் பாத்திகளுக்குத் தண்ணீர் விடுபவன். எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒரு கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது, வாய்க்காலில் இரண்டு அலைகள் கூடாமல் கடந்துபோவதைக் கண்டதாகச் சொன்னான். நான் அதன் சமன்பாட்டை விளக்கத் தொடங்கினேன்.

"இதுக்கு எத்தன வருஷம் படிச்சீங்க மச்சான்?" என்றான். "நான் பலகையத் தூக்கிப் பாத்தேன், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவனை மன்னிக்கவில்லை.

சில நாட்களில் உப்பள வரம்பு உடைந்து, விளைந்த உப்பு கரைந்துபோனது. அன்று அவன் பலகையை முதலில் கொஞ்சமாகவும் உடனே முழுதாகவும் தூக்கியிருந்தான். இரண்டு அலையும் ஒன்றாக ஏறி வரம்பை உடைத்தன என்றார் முதலாளி. நண்டுப் பொந்தால் உடைந்தது என்றான் அவன். முதலாளி என்னை வரவழைத்தார்.

"நீங்க படிப்பிச்ச சேர், நீங்க சொன்னாச் சரி. ரெண்டும் கூடுமா, கூடாதா?"

உடைப்பின் இருபுறமும் நண்டுப் பொந்துகள் வெளிப்படையாகத் தெரிந்தன.

"கூடும்," என்றேன்.

"மச்சான், நீங்களே அண்டைக்கு வேற மாதிரித்தானே..."

"அண்டைக்கு நான் சொன்னது உனக்கு விளங்கயில்ல."

அன்றே அவனை நிறுத்தினார்கள். வரம்பை உடைத்தவன் என்ற பெயரோடு வேறு உப்பளத்திலும் வேலை கிடைக்கவில்லை. லொறிகளில் மூட்டை ஏற்றப் போனான். இரண்டு வருடத்தில் முதுகு போய்விட்டது.

போன பெருநாளன்று கம்பை ஊன்றியபடி வீட்டுக்கு வந்தான். கதிரையில் உட்கார அவனுக்கு நெடுநேரம் எடுத்தது.

"நல்லா யோசிச்சிப் பாத்தேன் மச்சான். நீங்க படிச்ச மனிசன். என்ட கண்தான் பிழையாப் பாத்திருக்கு. இவ்வளவு நாளும் உங்களோட கோவிச்சிட்டு இருந்துட்டேன். மாப்புச் செய்யுங்க."

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் என் மனைவியோடு நாங்கள் மூவர்தான் இருந்தோம்.

"மாப்புச் செஞ்சிட்டேன்," என்றேன்.

என் மனைவி கண்களைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் வட்டிலப்பம் போட்டுத் தந்தாள்.