தண்டு அழுகலும் தாவா வரப்பும்

போன புதன்கிழமை காலை. குடவாசல் பக்கத்தில் இருக்கிற என் வயலில், நன்றாகத் தூர் கட்டி நின்ற சம்பாவில் ஒரு பயிர் சாய்ந்து கிடந்தது. ஒன்றே ஒன்றுதான். வேறு யாராக இருந்தாலும் நண்டு கடித்தது என்று போயிருப்பார்கள். நான் போவேனா?

பிடுங்கிப் பார்த்தேன். தண்ணீர் தொடுகிற இடத்தில் தண்டு கறுத்திருந்தது. நகத்தால் பிளந்தால்... உள்ளே கடுகைவிடப் பொடியாகக் கறுப்பு மணிகள். பயிரைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வேளாண்மை ஆபீஸ் மேடம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"தண்டு அழுகல். பூஞ்சாணம். யூரியா எவ்வளவு போட்டீங்க?"

"பயிர் வெளுத்தாப்ல இருந்துச்சு மேடம்... பயத்துல கொஞ்சம் கூட..."

"இனிமே யூரியா பக்கமே போகாதீங்க. பொட்டாஷ் போடுங்க. முதல்ல தண்ணிய வடிங்க. அந்த மணியெல்லாம் மிதந்து போயி அடுத்த வயல்லயும் ஒட்டிக்கும். அதனால நேரா வடிகால்ல விடுங்க."

நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் இந்தப் பாடம் புரிந்தது. புரிந்ததுதான் பிரச்சினை!

எங்கள் பக்கம் தண்ணீர் வயல் விட்டு வயல் பாயும். என் வயல் தண்ணீர் என் பங்காளி ராஜேந்திரன் வயலில் விழும். நேராக வடிகாலுக்கு விட வேண்டுமென்றால், எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற அகல வரப்பை நீளவாக்கில் வாய்க்காலாக வெட்ட வேண்டும். அந்த வரப்பு யாருடையது என்றுதான் கோர்ட்டில் கேஸ். கையே வைக்கக் கூடாது என்று ஸ்டே வேறு. அவன் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. ஆட்சி மாறும்போதெல்லாம் நாங்கள் மாற்றி மாற்றி நிமிர்ந்து நடப்போம். கேஸ் மட்டும் நகராது.

வரப்பை வெட்டினால் கோர்ட். அவன் பக்கம் மடையைத் திறந்தால் பாவம். சும்மா இருந்தால் சம்பா போச்சு. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்னண்ணே, வழி தவறிட்டியா?"

"என் பயிர்ல தண்டு அழுகல்டா. தண்ணிய வடிக்கணும். வடிச்சா ஒன் வயலுக்கு வந்துரும்..."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"எனக்கு வந்து பத்து நாளாச்சுண்ணே. ஒனக்குத் தெரிஞ்சா சிரிப்பேன்னு மூச்சு விடல."

ஊருக்கே தெரிய வேண்டியதைச் சொந்தக்காரன் சிரிப்பான் என்று மறைப்பது... நம்ம ஆட்களால்தான் முடியும். பூஞ்சாணத்துக்கு இதைவிட நல்ல உரம் ஏது?

"ஸ்டே இருக்கேடா?"

"போலீசுக்கு யாரு போவா? ஒண்ணு நீ போவணும், இல்லன்னா நான் போவணும். மண்வெட்டிய எடுண்ணே!"

வரப்பை ஆளுக்குப் பாதியாக வெட்டினோம். இரண்டு வயல் தண்ணீரும் வடிகாலுக்குப் போனது.

நேற்று வரை புதிதாக ஒரு பயிரும் சாயவில்லை. தினம் மூன்று தடவை போய்ப் பார்க்கிறேனே... எனக்குத் தெரியாதா?

அடுத்த வாய்தாவுக்கு ஒரே வண்டியில் போவதாகப் பேச்சு. கேஸை வாபஸ் வாங்கவா? சேச்சே... பெட்ரோல் மிச்சம்!