எல்லைக் கல்லுக்குப் பூட்டு

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் பத்தி இல்லையே, ஆசாமிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வண்டி போய்விட்டது. வண்டியோடு சேர்ந்து ஒரு தேசத்தின் எல்லையும் போய்விட்டது. இரண்டையும் தேடிக்கொண்டிருந்தவனுக்குப் பேனா பிடிக்க நேரம் ஏது?

முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுதுவது எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மற்ற ஆறு நாளும் பிரெஞ்சு ராஜ்ஜியத்துப் பாகூர் கொம்யூனில் கரும்பு பயிரிடுகிறேன். எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்றால்... சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனால் இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியம் வந்துவிடும். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அந்தக் காலத்தில் நிலத்தை எப்படித்தான் பிரித்துக்கொண்டார்களோ, சண்டைக்காரப் பங்காளிகள் வரப்பு போட்டது மாதிரி எல்லை வளைந்து நெளிந்து கிடக்கிறது.

இது நமக்குக் கஷ்டம், திருடனுக்குச் சௌகரியம். நம் பக்கத்தில் ஒரு வண்டியைக் கிளப்பிக்கொண்டு நான்கு வயல் தாண்டிவிட்டால் போதும், நம் போலீஸ் வரப்பில் நின்று பார்க்கும். அங்கே கிளப்பிக்கொண்டு இங்கே வந்தால் அவர்கள் போலீஸ் வரப்பில் நின்று பார்க்கும். இந்தப் பருவத்தில் மட்டும் எங்கள் ஊரில் இரண்டு மாட்டு வண்டிகள் அப்படிப் போயிருக்கின்றன. மாட்டை எல்லோரும் வீட்டோடு கட்டிவிடுகிறோம். வண்டியை வீட்டுக்குள் ஏற்ற முடியுமா? திருடன் மாட்டை அவனே கொண்டுவந்துவிடுகிறான்!

என் வண்டி புதுசு. கருவேலமரச் சக்கரம், புது இரும்புப் பட்டை. ஆரக்கால்களுக்கு நானே உட்கார்ந்து பச்சை வர்ணம் பூசியிருந்தேன். அதைவிட முக்கியம், வெள்ளிக்கிழமை எனக்கு ஆலை முறை. எங்கள் ஊருக்குக் கரும்பு ஆலை ஒன்றுதான். முறை வைத்து ஆட்டிக்கொள்கிறோம். உன் நாளில் உன் கரும்பு வந்து சேரவில்லையென்றால் நீ வரிசையில் கடைசிக்குப் போய்விடுவாய். அதற்குள் வெட்டிப் போட்ட கரும்பு காய்ந்து விறகாகிவிடும். ஒரு வருஷத்துப் பாடு. கரும்பு வெட்டு நாளில் ஊரில் இரவல் வண்டியும் கிடைக்காது.

ஆகவே, வண்டிக்குப் பூட்டு வாங்குவது என்று தீர்மானித்தேன்.

வாயைத் திறந்து இதைச் சொன்னதுதான் தாமதம், ஊரில் எத்தனை நிபுணர்கள்! கடையாணியைப் பிடுங்கி மடியில் முடிந்துகொள் என்றார் ஒருவர். அவரே ஒரு மாதம் அப்படிச் செய்தவர். ஒருநாள் காலை ஆணியைத் திரும்பப் போட மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஐயனார் கோயில் வளைவில் சக்கரம் ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். இன்னொருவர் நுகத்தடியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாடு கொண்டுவருகிறவன் நுகத்தடி கொண்டுவர மாட்டானா?

புதுச்சேரிக்குப் போனேன். இரும்புக் கடை சாயபு மூன்று பூட்டுகளை எடுத்து வைத்தார்.

முதலாவது கப்பலில் வந்தது. பளபளவென்று, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். துரைமார்கள் பெட்டிக்குப் போடுவார்களாம். அதை என் வண்டியில் மாட்டினால் திருடன் வண்டியை விட்டுவிட்டுப் பூட்டைக் கொண்டுபோவான். இரண்டாவது, எழுத்துகளைத் திருப்பி ஒரு வார்த்தை சேர்த்தால் திறக்கிற பூட்டு. வார்த்தையோ பிரெஞ்சு வார்த்தை. காலை நேரத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சு எழுத்துக்கூட்ட என்னால் ஆகாது.

மூன்றாவது திண்டுக்கல் பூட்டு. உரித்த தேங்காய் அளவு இருந்தது.

"இது எப்படி?" என்றேன்.

"வண்டி உளுத்துப் போனாலும் பூட்டு இருக்கும்," என்றார் சாயபு. சங்கிலியோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தவர், நான் படி இறங்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "பூட்டு சரி. எதுல வெச்சுப் பூட்டப் போறீங்க?"

அட, அதை நான் யோசிக்கவே இல்லை. நம்மில் பலர் இப்படித்தான். பூட்டு வாங்க மூன்று கடை ஏறி இறங்குவோம், எதோடு சேர்த்துப் பூட்டுவது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு தேடுவோம்.

வீட்டுக்கு வந்து தேடினேன். வண்டி நிற்கிற களத்தில் மரம் என்று சொல்ல ஒரு பூவரசங்கன்று இருக்கிறது. ஆடு இழுத்தாலே வந்துவிடும். அப்போதுதான் கலியபெருமாள் வந்தான். என் மனைவி அஞ்சலாட்சியின் தம்பி, அடுத்த வீடு. எதற்கும் அவனிடம் ஒரு யோசனை இருக்கும். அதுதான் பயம்.

"இன்னா மாமா இப்படி முழிக்கிற? ஊர்லயே அசையாத பொருள் ஒண்ணு உன் களத்தோரம் நிக்குதே, தெரியலையா?" என்று கையை நீட்டினான்.

பார்த்தேன். எல்லைக் கல்! முழங்கால் உயரக் கருங்கல். இந்தப் பக்கம் பிரெஞ்சு எழுத்து, அந்தப் பக்கம் இங்கிலீஷ் எழுத்து.

"அத எவன் தொடுவான்? ரெண்டு சர்க்காரு சொத்து. கையி வச்சா ரெண்டு ஜெயிலு," என்றான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கல்லின் நடுவில் இருந்த ஓட்டையில் சங்கிலியை நுழைத்து, கல்லையும் வண்டியையும் சேர்த்துச் சுற்றினேன். சக்கரத்துக்குள் விட்டால் ஆரக்கால் வர்ணம் உரிந்துவிடும் என்று அச்சில் சுற்றினேன். இந்த வர்ணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அஞ்சலாட்சி சாவியை வாங்கித் தன் இடுப்புக் கொத்தில் சேர்த்துக்கொண்டாள்.

"எங்கிட்டயே இருக்கட்டும். மூக்குக் கண்ணாடியவே தெனம் தேடுற ஆளு நீங்க," என்றாள்.

புதன்கிழமை கரையாம்புத்தூரில் ஒரு கல்யாணம். ஊரே சாப்பிடப் போயிற்று. கலியபெருமாள் மட்டும் வரவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா அவனைத் தனியாக வந்து அழைக்கவில்லையாம், ரோஷம். பாயசம் குடித்துவிட்டுப் பிற்பகல் திரும்பி வந்து பார்க்கிறேன், வண்டியைக் காணோம். சரி, அது நடக்கிறதுதான். கல்லையும் காணோம்! கல் இருந்த இடத்தில் இடுப்பளவு பள்ளம்.

சக்கரத்தில் சங்கிலி போட்டிருந்தால் சக்கரம் சுற்றியிருக்காது. அச்சில் அல்லவா போட்டேன்? கல்லைத் தோண்டி வண்டிமேலேயே ஏற்றிக்கொண்டு, பூட்டு, சங்கிலி எல்லாவற்றோடும் சுகமாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். வர்ணம் உரியாமல் போயிருக்கும், சந்தேகமில்லை.

கலியபெருமாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். முகம் சரியில்லை.

"நீ இங்கதானேடா இருந்த? பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா."

"பார்த்துட்டு?"

"ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் காக்கிக் கால்சட்டை போட்டுனு இருந்தான், கையில ஒரு தாளு. சர்க்காரு ஆளுங்கன்னு நெனச்சேன். சர்க்காரு இல்லாம எல்லைக் கல்ல யாரு புடுங்குவான்?"

"வண்டி என்னுதுன்னு தெரியலையா?"

"தெரியும். கல்லுல கட்டுனதுக்கு வண்டிய ஜப்தி பண்ணினு போறாங்கன்னு நெனச்சேன். யோசன சொன்னவன் எவன்னு கேட்டா நானும் மாட்டிக்குவேன் இல்ல? அதான் பேச்சு குடுக்கல." கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "கல்லு ரொம்பக் கனம் மாமா. ஏத்துறதுக்கு நானும் ஒரு கை குடுத்தேன்."

எனக்கு வந்த கோபத்தை அச்சில் ஏற்ற முடியாது.

நம் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். எழுத்தர் பென்சிலை எடுக்கவில்லை. "வண்டி எல்லை தாண்டிடுச்சா?" என்றார். தாண்டியிருக்கும் என்றேன். "அப்போ அங்கே போய்ச் சொல்லுங்கள்" என்றார். மூன்று மைல் நடந்து இங்கிலீஷ் ஸ்டேஷனுக்குப் போனேன். "திருட்டு எங்கே நடந்தது?" என்றார் அங்கே இருந்தவர். "வண்டியின் ஏர்க்கால் பிரெஞ்சுப் பக்கம், பின்பாதி உங்கள் பக்கம்" என்றேன். அவர் யோசித்தார். "அப்படியானால் முன்பாதிக்கு அங்கே ரிப்போர்ட் கொடுங்கள். அவர்கள் எழுதட்டும், பிறகு பின்பாதியைப் பார்ப்போம்" என்றார். இவர்களிடம் என்னவென்று பேசுவது? நாளை மறுநாள் என் ஆலை முறை. வெட்டிய கரும்பு வயலில் கிடக்கிறது. வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

போகிறபோக்கில் சொன்னேன். "வண்டிதானே போயிற்று என்று பார்த்தால் எல்லைக் கல்லையும் அல்லவா கொண்டுபோய்விட்டான்."

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் எழுந்த வேகம் அப்படி.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் இரண்டு சைக்கிள்கள் பறந்தன. பொழுது சாய்வதற்குள் என் களத்தில் இரண்டு சர்க்காரும் நின்றன. அவர்கள் போலீஸ் சேவகர் நான்கு பேர், நம் சேவகர் மூன்று பேர், பக்கத்துக்கு ஒரு அதிகாரி. பள்ளத்தை அளந்தார்கள். அவர்கள் அளந்த பிறகு இவர்கள் அளந்தார்கள். இத்தனை வருஷமாக வரப்பில் நின்று பார்த்தவர்கள் அன்றைக்கு வரப்பு எது என்றே பார்க்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். என் வண்டியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பரவாயில்லை, கல் கிடைத்தால் வண்டி கிடைக்கும்.

வியாழக்கிழமை காலை கிடைத்தது. பெண்ணையாற்று மணலில் அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. கல்லின் கனம் இழுத்துவிட்டிருக்கிறது. கல்லை இறக்கவும் முடியாமல் பூட்டை உடைக்கவும் முடியாமல், திருடர்கள் தங்கள் மாட்டை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லைக் கல் இருக்கிற இடம்தானே எல்லை? ஒரு ராத்திரிக்கு எங்கள் பாகூர் பெண்ணையாறு வரைக்கும் பரந்திருந்தது.

நானும் அஞ்சலாட்சியும் மாட்டை ஓட்டிக்கொண்டு போனோம். அதிகாரிகள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். கல் உடனே பழைய இடத்துக்குப் போகவேண்டும். வண்டி கேஸில் இருக்கிறது, விசாரணை முடியும் வரை ஸ்டேஷனில் நிற்கும்.

"விசாரணை எப்போது முடியும்?" என்றேன்.

"ரெண்டு சர்க்காரும் கடிதம் எழுதிக்கணும்... ஆடிக்குள்ள முடிஞ்சிடும்," என்றார் நம் அதிகாரி. இதுவோ மாசி மாதம்.

பூட்டை உடைக்கத் தொடங்கினார்கள். முதல் அடி யார் அடிப்பது என்று கொஞ்ச நேரம் பேச்சு. பிறகு முறை வைத்து, அவர்கள் சேவகர் பத்து அடி, நம் சேவகர் பத்து அடி. கடப்பாரை முனை மழுங்கியது. பூட்டு அப்படியே தொங்கியது.

"சாவி எங்கிட்ட இருக்குது," என்றாள் அஞ்சலாட்சி.

"முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? குடு," என்று அதிகாரி கையை நீட்டினார்.

"வண்டி?"

"வண்டி கேஸுல இருக்குதும்மா."

"அப்ப கல்லும் கேஸுலதான இருக்குது? ரெண்டும் ஒரே பூட்டுல கெடக்குது. ஒண்ணாவே ஸ்டேஷன்ல நிறுத்துங்க. ஆடி மாசம் வந்து தொறந்து வுடுறேன்." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள்.

எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஆடி வரைக்கும் எல்லை இல்லாமல் இரண்டு ராஜ்ஜியங்களா? அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து இந்த இரண்டு சர்க்காரும் ஒரே நிமிஷத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

"யம்மா... நில்லும்மா. கல்ல எறக்கிட்டு வண்டிய நீயே வச்சிக்க."

ஏழு சேவகர்களும் மணலில் இறங்கிச் சக்கரத்தைத் தள்ளினார்கள். என் மாடுகள் இழுத்தன. பொழுது சாய்வதற்குள் கல் தன் பள்ளத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது என் கரும்பு ஆலை வாசலில் நின்றது. முதல் கொப்பரை இறக்கியதும் கையில் கொட்டாங்கச்சியோடு பாகு கேட்டு வந்து நின்றவன் யார் என்று நினைக்கிறீர்கள்? கலியபெருமாள்தான். கல் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். கொடுத்தேன். என்ன செய்வது, மச்சான் ஆயிற்றே.

இப்போது தினம் தவறாமல் இரண்டு பக்கத்துச் சேவகர்களும் வந்து கல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதன் பக்கத்திலேயே என் வண்டி நிற்கிறது, சங்கிலி இல்லை, பூட்டு இல்லை. ஊரில் விஷயம் பரவி, நேற்று எண்ணினேன், கல்லைச் சுற்றி ஆறு வண்டிகள். குடியானவன் வண்டி போனால் பென்சில்கூட எழுந்திருக்காது. சர்க்கார் கல் போனால் நாற்காலியே விழும். ஆகவே வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூட்டு தேடி அலையாதீர்கள், பக்கத்தில் சர்க்கார் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டை என்ன செய்தேன் என்கிறீர்களா? சும்மா கிடக்கிறதே என்று அஞ்சலாட்சி கோழிக்கூண்டுக்குப் போட்டாள். சாயபு வாக்கு பொய்க்கவில்லை. இன்று காலையும் பார்த்தேன், பூட்டு பத்திரமாக இருக்கிறது... கோழியைத்தான் காணோம்.