சீடி நின்ற இடம்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கேலி செய்வதில் எங்கள் லயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதில் ஒருவர் செத்து முடிப்பதற்குள் நாம் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவியும் வைத்துவிடலாம். அப்படி ஒரு படத்தை, பத்து வயதில், வேண்டுமென்றே கெடுத்தேன்.

அப்போது பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவின் ஒரே தங்கச்சி, என் அத்தை, தெமோதரையில் வாக்கப்பட்டிருந்தாள். அண்ணனும் தங்கச்சியும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது. காரணம் ஒரு மாலை. அத்தையின் மூத்த மகள் பெரியவளானபோது சடங்கு வைத்தார்கள். அதற்குத் தாய்மாமன்தான் மாலை போடவேண்டும். அன்று விடியவே குடையோடு புறப்பட்ட அப்பா, பொழுது சாய நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்தார். “பஸ் இல்ல” என்றதோடு சரி. அங்கே நல்ல நேரம் போகிறதென்று அத்தை புருஷனின் பங்காளி ஒருவர் மாலையைப் போட்டுவிட்டார். அண்ணன் வரவில்லை என்று அத்தைக்குக் கோபம். தன் இடத்தில் வேறொருவனை நிறுத்தினார்கள் என்று அப்பாவுக்குக் கோபம்.

இப்போது இளையவளும் பெரியவளாகியிருந்தாள். அடுத்த ஞாயிறு சடங்கு. அதற்கு முந்திய ஞாயிறு மத்தியானம், அத்தை ஒரு துணிப்பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அப்பா அவளைக் கண்டதும் திரும்பி உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். ஏற்கெனவே தீட்டிய கத்திதான்.

இருவருக்கும் இடையில் நாலு முழம்கூட இல்லை. ஆனாலும் தபால்காரன் நான்தான்.

“மருமகனே, ஒங்கப்பாகிட்ட சொல்லு. இந்தத் தடவ தாய்மாமன் வராட்டி மாலைய எவனும் தொட மாட்டான். அது கோயிலுக்குப் போயிரும்.”

“மாலை போட ஆள் இல்லாத வீடா அதுன்னு கேளுடா” என்றார் அப்பா, கத்தியிடம்.

நான் அத்தையிடம் திரும்பினேன். “மாலை என்ன பூவுலன்னு அப்பா கேக்குறாரு.”

அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அத்தை சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சீடியை எடுத்தாள். “இந்தப் படத்த ஒங்கப்பா முழுசா பாக்குற வரைக்கும் நான் பஸ் ஏற மாட்டேன். அதையும் சொல்லு.”

அது ஓர் அண்ணன் தங்கச்சி படம். அண்ணன் லாரி ஓட்டித் தங்கச்சியை வளர்ப்பான். அவள் பெரிய வீட்டுக்கு வாக்கப்படுவாள். பிறகு இருவருக்கும் பேச்சு இருக்காது. கோயில் திருவிழாவில் அதன் கதை வசனத்தை ஒலிபெருக்கியில் போட்டுப் போட்டு, அப்பா வயசுக்காரர்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம் என்பார்கள். மனப்பாடமான படத்தை எதற்குப் பார்க்கவேண்டும்? எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டில் கெஞ்சி வாங்கிய புதுச் சண்டைப்படத்தை அன்று சாயந்தரத்துக்குள் பார்த்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அத்தை கால் கழுவப் பீலித் தண்ணிக்குப் போன நேரம் பார்த்து, அம்மாவின் ஊக்கால் சீடியில் ஒரு கோடு இழுத்தேன். கண்ணுக்குத் தெரியக்கூடாதென்று வெளி ஓரமாக இழுத்தேன். ஓரத்தில் கீறினால் படம் கடைசியில்தான் நிற்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் அதுவரை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் எல்லோருடைய அழுகையையும் நானும் பார்க்கவேண்டியதாயிற்று. அப்பா மட்டும் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மழை. பெரிய வீட்டு இரும்புக் கதவருகே அண்ணன் நிற்கிறான். தங்கச்சி ஓடி வந்து, “ஏன் அண்ணா என்னைப் பார்க்க வரவில்லை?” என்கிறாள். அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

அம்மா சீடி டெக்கைத் தட்டினாள். ஊதினாள். அசையவில்லை. “போச்சு. எந்திரி, சாப்புடலாம்” என்றாள் அத்தையிடம். அத்தை எழுந்திருக்கவில்லை. அந்த உடைந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சண்டைப்படத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

கத்தி தீட்டும் சத்தம் நின்றது.

“உன் வாசல்வரை வந்தேன், தங்கையே” என்றார் அப்பா. முதுகைத் திருப்பவில்லை. ஒலிபெருக்கியில் வருகிற அதே இழுவைக் குரல். “மழையில் நின்றேன். என் இடத்தில் இன்னொருவன் நிற்கக் கண்டேன். திரும்பிவிட்டேன்.”

அத்தையும் அதே இழுவையில் சொன்னாள்: “யாரும் என்னிடம் சொல்லவில்லையே, அண்ணா. உங்களுக்கென்று வாங்கிய வேட்டி, மடிப்புக் கலையாமல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.”

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நின்றுபோன படத்துக்கு இரண்டு பெரியவர்கள் வசனம் பேசுகிறார்கள். அம்மா அதற்கும் அழுகிறாள். என் சீடி வேலை வீணாகப்போனதில் வருத்தம் வேறு.

அதற்குப் பிறகு எனக்குத் தபால் வேலை இல்லாமல் போயிற்று.

“அண்ணே, ஒம்பது மணிக்கு நல்ல நேரம்.”

“மொத பஸ்ஸுக்கு வந்துருவேன்.”

“பஸ் இல்லாட்டி?”

“நடந்து வருவேன்.”

சடங்குக்கு எட்டு மணிக்கே போய்விட்டோம். அத்தை பெட்டியைத் திறந்து அப்பாவுக்கு ஒரு வேட்டி கொடுத்தாள். மடிப்பு மடிப்பாகப் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் அப்பா மாலை போட்டார். “கடையில புதுசு ஒன்னு கெடைக்கலயா அத்தே?” என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

இப்போது பதுளையில் ஆட்டோ ஓட்டுகிறேன். போன வாரம் மழையில் சவாரியில்லாமல் முடங்கிக் கிடந்தபோது அந்தப் படம் போனில் வந்தது. கீறல் இல்லாமல், துடைத்து வைத்த மாதிரி. கீழே எந்தெந்த ஊரிலிருந்தோ, என்னைவிடச் சின்னவர்கள்கூட, அழுததாக எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் எங்கள் அத்தை வீட்டுச் சொந்தமா என்று கேலியாக எழுத நினைத்து, அதற்குமுன் அந்த இடம்வரை ஓட்டிப் பார்த்தேன்.

அதே மழை. அதே இரும்புக் கதவு. “ஏன் அண்ணா என்னைப் பார்க்க வரவில்லை?” என்கிறாள்.

அண்ணன் பதிலே சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. அவளைப் பார்த்தபடி நிற்கிறான், நிற்கிறான், மழை பெய்துகொண்டே இருக்கிறது. பார்க்கிறவர்கள் தங்கள் பதிலைச் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறவன் மாதிரி நிற்கிறான். பிறகு படம் முடிந்துவிடுகிறது.

சந்தேகத்துக்கு முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தேன். வேட்டியைப் பற்றிய பேச்சு எங்கேயும் இல்லை. படம் முழுக்க அந்த அண்ணன் போட்டிருந்தது காக்கிக் கால்சட்டை.