எண்ணில் வராத வாசகர்

"நாலு வரி போதும் பாப்பா," என்றார் சங்கச் செயலாளர், தொலைபேசியில். "உங்கப்பா நாலு வார்த்தைக்கு மேல பேசினதே கிடையாது. நீ நாப்பது வரி எழுதினா அவரே எழுந்து வந்து சண்டைக்கு நிப்பாரு." சிரிக்கப் பார்த்தார், முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக்குகள் சங்கத்தின் பத்திரிகை மாலையில் அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கத்தை அப்பாவின் அஞ்சலிக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

மகள் சரியென்று சொன்னாள். ஆனால் முதல் வரியே வரவில்லை.

எழுதத் தெரியாதவள் அல்ல. ஒரு நிறுவனத்தின் கணினி சர்வர்கள் படுத்துவிடாமல் காவல் காப்பது அவள் தொழில். சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் கைபேசி அலறும், ஓட வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நடுவே சொந்தமாக ஒரு வலைப்பூ வைத்திருந்தாள். ஒழுகும் குழாய், நினைத்தால் சுற்றும் மின்விசிறி, அலுவலக வாசலில் எந்நேரமும் மஞ்சளாகவே கண்சிமிட்டும் சிக்னல் என்று பழுதான பொருட்களைப் பற்றிய சின்னக் குறிப்புகள். எழுதும்போது தானாகச் சிரித்துக்கொள்வாள். பிறகு எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினாள். அங்கே பிடித்தது சனி. வாரம் தவறாமல் ஒரு பதிவு, சுண்டி இழுக்கும் தலைப்பு, 'நீங்கள் செய்யும் ஐந்து தவறுகள்'. எண் ஏறியது, இறங்கியது, கடைசியில் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் கைபேசி அலறியபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இருந்தது, சொன்னபடி கேட்கவில்லை. மருத்துவர் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தார். 'சிறிய இடைவேளை' என்று வலைப்பூவில் ஒரு வரி போட்டுவிட்டுப் படுத்தவள், அப்பா போன செய்தி கேட்டுத்தான் எழுந்து ஊருக்கு வந்தாள்.

இப்போது அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியில் தட்டினாள். 'அர்ப்பணிப்பும் கடமையுணர்வும் மிக்க அவர்...' யார் இந்த ஆள்? அழித்தாள். மறுபடி தட்டினாள். 'காலையில் இயக்கம் நின்றது. காரணம்: இதயம். மீட்பு முயற்சி பலனளிக்கவில்லை.' சர்வர் விழுந்தால் எழுதும் அறிக்கை. கை அதன் பாட்டுக்கு எழுதியிருந்தது. மடிக்கணினியை அறைந்து மூடினாள்.

பெற்ற அப்பனுக்கு நாலு வரி வரவில்லை. இனி அந்த வலைப்பூ எதற்கு? அழித்துத் தொலைக்கலாம்.

கடவுச்சொல் பழைய கணினியில்தான் இருந்தது. வேலை கிடைத்து வேறு ஊர் போனபோது ஜன்னலோரம் விட்டுப்போனது. அம்மா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தாள். முடுக்கியதும் முனகியது, இருமியது, பிறகு அவளுடைய வலைப்பூவையே முதல் பக்கமாகத் திறந்து காட்டியது.

"அந்தப் பக்கத்தை மூடிடாதடி ஃப்யூஸு," என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். சட்டென்று கோபம் வருகிறவள் என்று அப்பா வைத்த பெயர். "அவரு வந்து பாக்க..." பேச்சு பாதியில் நின்றது. குழாயும் நின்றது.

"எதைம்மா பாக்க?"

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். "உன் எழுத்தைத்தான். பல்லு விளக்கினதும் நேரா இங்கதான் வந்து உக்காருவாரு."

"நான்தான் எழுதுறதையே விட்டுட்டேனே."

"பழசைப் படிப்பாரு. படிச்சு முடிச்சு, 'கையெழுத்துப் போட்டாச்சு'ம்பாரு."

மகளுக்குப் புரிந்தது. மெக்கானிக் ஒரு லிஃப்டைப் பார்க்கப் போனால் மெஷின் அறையில் தொங்கும் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் பழுதில்லாவிட்டாலும் போட வேண்டும். வந்து போனேன் என்பதற்கு அத்தாட்சி.

"போன்ல ஒரு தடவை சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொல்லுங்கன்னு நானும்தான் சொன்னேன். 'யார் வந்தாங்க போனாங்கன்னு அவளுக்கு எண்ணிக்கையில தெரியும், நான் வந்துட்டுப் போறது அவளுக்குத் தெரியாதா, வேலையா இருக்கா, தொந்தரவு பண்ணாதே'ன்னுட்டாரு."

மகள், அங்கே என்ன இருக்கும் என்று தெரிந்தே, வலைப்பூவின் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தாள். வேலைக்குப் போகுமுன், வலைப்பூவை இந்தக் கணினியில்தான் கட்டினாள். சரிபார்க்கத் தானே நூறு முறை திறந்து பார்ப்பது எண்ணிக்கையில் கலந்துவிடக் கூடாதே என்று முதல் வேலையாக ஒரு கட்டத்தில் டிக் குறி போட்டு வைத்திருந்தாள். அந்தக் குறி இன்னும் இருந்தது: இந்தக் கணினியிலிருந்து வரும் வருகைகளை எண்ணாதே.

"என்னடி, முகம் இப்படிப் போகுது?"

"நான்தாம்மா அவரை எண்ண வேணாம்னு சொல்லி வச்சிருந்தேன்."

"அவரையா?"

"இந்த கம்ப்யூட்டரை."

அம்மா திரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "அப்ப உனக்கு... கடைசி வரைக்கும்?"

"தெரியாதும்மா."

அவள் மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அம்மா தடுக்கவில்லை. தன் பங்குக்கு அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுது ஓய்ந்தபின் மகள் அந்தப் பழைய விசைப்பலகையிலேயே தட்டத் தொடங்கினாள். தலைப்பு வைக்கவில்லை. சின்ன வயதில் அப்பா அவளை வேலைக்கு அழைத்துப் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்திக் கதவைத் திறந்து காட்டியதை எழுதினாள். எதிரே பூசாத சுவர். அதில் எப்போதோ ஒரு கொத்தனார் ஈர சிமெண்டில் பதித்த கை. 'ஓடுற லிஃப்டுல இதைப் பாக்க முடியாதும்மா' என்றாரே, அதை எழுதினாள். அந்தக் கைமேல் அவள் கையை வைத்துப் பார்க்கச் சொன்னதையும், வாயில் ஸ்பேனரோடு அவர் சிரித்ததையும் எழுதினாள். ஓர் இடத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த துக்கம் இறங்கவில்லை. ஆனால் விரல்கள் நிற்க மறுத்தன.

செயலாளருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள்.

"இது நாலு வரி இல்லையே பாப்பா."

"இல்ல மாமா."

"சரி விடு. விளம்பரத்தைத் தூக்கிடுறேன்."

வலைப்பூவிலும் ஏற்றினாள். அம்மா திரையில் மூக்கு உரச, எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஸ்பேனரை எவனாவது வாயில வைப்பானா? டார்ச்சுடி. ஸ்பேனரைக் கடிச்சிருந்தா முன்பல்லு ரெண்டும் லிஃப்ட் குழிக்குள்ள போயிருக்கும்."

திருத்தினாள். பிறகு எண்ணிக்கையைத் திறந்து பார்த்தாள். பூஜ்யம். அந்த டிக் குறியை எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை. எடுத்தாலும் அவர் வந்த காலைகளை இனி அது எண்ணப்போவதில்லை.

"மூடிட்டியா?" என்றாள் அம்மா. "மூடாத, தள்ளு. அந்தக் கொத்தனார் பத்தியிலயும் ஒரு தப்பு இருக்கு."