ரிஸ்னாவின் குரலுக்கு வந்த வாத்துகள்

1. குஞ்சு பொரித்த காலை

ஹேச்சர் என்ற குஞ்சு பொரிக்கும் பெட்டியின் கதவைத் திறந்து, ஈரம் உலர்ந்த வாத்துக்குஞ்சுகளைத் தட்டோடு முற்றத்தில் கொண்டுவந்து வைத்தவள் நான். குஞ்சுகள் தட்டைவிட்டு இறங்கின. என் காலைக் கடந்து போய், வாசலில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்த ரிஸ்னாவைச் சூழ்ந்து நின்றன. அவள் நடந்தாள், அவையும் வரிசையாக நடந்தன.

நானும் ரிஸ்னாவும் சம்மாந்துறைப் பக்கமுள்ள அந்தப் பொரிப்பகத்தில் ஒரே நாளில், ஒரே மாதிரி ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்கள். இருவரும் கால்நடை டிப்ளோமா. அந்தப் போகம் முடிந்ததும் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. வயலில் வாத்து விட்டு நத்தையையும் களையையும் குறைக்கும் திட்டத்துக்கு வெளிக்கள அலுவலர் பதவி அது. அந்த வேலைக்கு நான்தான் பொருத்தம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

மனேஜர் சேர் அந்த ஊர்வலத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"உம்மா ஆரெண்டு குஞ்சுகளே சொல்லிட்டுதே! மறுகா என்ன கதை, வயலுக்கு ரிஸ்னாவே கொண்டு போகட்டும்."

"ஓம் சேர்" என்றேன்.

அந்தக் குஞ்சுகளுக்கு நான் செய்தவற்றை அன்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். முட்டை தெரிந்தெடுத்தேன். இருட்டறையில் லைட் பிடித்துக் கரு வளர்கிறதா என்று பார்த்தேன். வெப்பநிலையும் ஈரப்பதனும் குறித்தேன். கரன்ட் போனபோது ஜெனரேட்டருக்கு ஓடினேன். ரிஸ்னா செய்தது ஒன்று: கதைத்தாள்.

2. ஏன் அவளிடம் போயின

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காகக்குஞ்சு கண் திறக்காமல், மயிரில்லாமல், கூட்டில் வாய் பிளந்து கிடக்கும். தாய் ஊட்டிவிடும். வாத்து தரையில் முட்டையிடும் பறவை; அதன் குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. கண் திறந்து, மெத்தென்ற மயிரோடு பிறந்து, உலர்ந்ததும் எழுந்து நடக்கும். காட்டில் தாயின் பின்னால் போகாத குஞ்சைக் கீரி கொண்டுபோய்விடும். பின்னால் போகும் இயல்புள்ளவையே பிழைத்துப் பெருகின. அதனால் பின்தொடர்வது பிறவிக் குணம். யாரைப் பின்தொடர்வது என்பதைத்தான் குஞ்சு பழகிக்கொள்கிறது. கண்ணால் மட்டுமல்ல, காதாலும் பழகுகிறது. பொரிப்பதற்கு முந்திய கடைசி நாட்களில் அலகால் முட்டைக்குள் இருக்கும் காற்றறையைத் துளைத்து மூச்சுவிடத் தொடங்கும். ஓட்டுக்கு வெளியே கேட்கும் சத்தத்துக்கு உள்ளிருந்தே கீச்சென்று பதில் சொல்லும்.

நான் பொரிப்பறைக்குள் மாஸ்க்கோடு போய் வாய் திறக்காமல் வந்தேன். கதவில் ஒட்டியிருந்த விதிமுறையில் "அநாவசியப் பேச்சு வேண்டாம்" என்று எழுதியவளும் நான்தான். ரிஸ்னா உள்ளே போகும்போதெல்லாம் முட்டைகளைப் பார்த்து, பெற்ற பிள்ளைகளை அழைப்பதுபோல், "வாங்க மக்கள் வாங்க, கெதியா வாங்க" என்பாள். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

காரணம் இவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தெரிந்தும் வயிறு எரிந்தது.

3. நற்பிட்டிமுனை வயல்

ரிஸ்னா குஞ்சுகளை வயலில் விட்டுச் சில வாரங்களில், அவளுடைய தங்கச்சிக்கு மருதமுனையில் நிக்காஹ். அவள் லீவில் போனதும் வயல் பொறுப்பு என் கைக்கு வந்தது. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, மாலையில், வயல்காரர் லத்தீப் காக்கா வரம்பில் வேகமாக வந்தார்.

"தங்கச்சி, பக்கத்து வயல்காரன் பூச்சி மருந்து கலக்குறான். காத்து நம்மட பக்கம். வாத்த ஏத்துங்க."

குஞ்சுகள் நடு வயலில் பயிருக்குள் நின்றன. வாளியில் தவிடு தட்டினேன்; வரவில்லை. கூப்பிட்டேன், ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நத்தை தேடப் போனது. கம்போடு இறங்கினேன், நான்கு பக்கமும் சிதறின.

"உங்கட வாத்து உங்கள வயல்காவல்காரி எண்டு நினைக்குது போல" என்றார் காக்கா. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அந்த மனிசனக் கொஞ்சம் மறிச்சு வைக்கன். பொழுது படுமட்டும் நிப்பான் எண்டு நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிஸ்னாவுக்கு அழைத்தால் வாத்து வரும். வந்தால் வேலை அவளுக்கு. அதை லத்தீப் காக்கா கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்வார். போனைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒருமுறை தவிடு தட்டிப் பார்த்தேன். மருந்து மெஷின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. அழைத்தேன்.

கல்யாண வீட்டுச் சத்தத்துக்குள் ரிஸ்னா, "என்ன புள்ள?" என்றாள்.

"உன்ட வாத்து வருகுதில்ல. கூப்பிடு."

வேறு எதுவும் கேட்காமல் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டும் அந்தக் காற்றில் குரல் எடுபடவில்லை. ரோட்டில் மீன் விற்கும் நானா ஒருவர் மோட்டார் சைக்கிளில் லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்தார். மறித்தேன். அவருடைய மைக்கில் போனைப் பிடித்தேன்.

"வாங்க மக்கள் வாங்க, கெதியா வாங்க!"

நெற்பயிர் அசைந்தது. ஒன்றன் பின் ஒன்றாக வரம்பேறி, மோட்டார் சைக்கிளைச் சுற்றிக் கூடி நின்றன.

"நாலு ஊர்ப் பூனையும் என்ட பின்னால வந்திருக்கு. வாத்து வாறத இண்டைக்குத்தான் காணன்" என்றார் மீன் நானா. வாத்துக் கூடு வரைக்கும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். ஒன்றும் சாகவில்லை.

ரிஸ்னா போனை வைக்கும் முன், "நீ அங்க நிக்காய் எண்டுதான் நான் நிம்மதியா இருந்தன்" என்றாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

4. அதன் பிறகு

சேர் கேட்டபோது நடந்ததை நடந்தபடியே சொன்னேன். லத்தீப் காக்கா எனக்கு முன்பே சொல்லிவிட்டிருந்தார். நிரந்தர நியமனம் ரிஸ்னாவுக்குக் கிடைத்தது. பொரிப்பகத்தில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்.

நான் கற்றது இது: குஞ்சைப் பொரிக்க வைப்பது சூடும் ஈரமும்; அதை நம்மிடம் வரவைப்பது வேறு வேலை. கடைசி நாட்களில் முட்டையோடு கதையுங்கள்.

அடுத்த தொகுதிக்கு நானும் கதைக்கப் போனேன். என்ன கதைப்பதென்று தெரியவில்லை. "மக்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சத்தமாக வாசித்தேன். குஞ்சுகள் பொரித்த காலையில், "முப்பத்தேழு தசம் ஐந்து" என்றபடி முற்றத்தில் நடந்தேன். அத்தனையும் என் பின்னால் வந்தன.

ரிஸ்னா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்ட ஒண்டாவது வரட்டுமே, கள்ளி" என்றாள். "வாங்க மக்கள்" என்று கூப்பிட்டும் பார்த்தாள்.

ஒன்றும் திரும்பவில்லை. நான் முற்றத்தை இன்னும் இரண்டு தடவை சுற்றினேன்.