கண்ணை மூடித் தாண்டியவள்

தபால் பிரிக்கும் கூடத்தில் அவளுக்கு ஒட்டகச்சிவிங்கி என்று பெயர். மேல் தட்டுக்கு ஸ்டூல் போடாமல் எட்டுகிற ஒரே ஆள். போன வருஷம் இலாகா போட்டியில் உயரம் தாண்டி இரண்டாம் இடம் வாங்கியவள். இந்த வருஷப் போட்டிக்கு நாலு மாதம் இருக்கையில், தபால் மூட்டையோடு படியில் சறுக்கி வலது கணுக்காலை உடைத்துக்கொண்டாள். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு.

"பேரை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள் வீட்டில்.

"ஒத்தக்கால்ல நிக்கிறீங்களே அண்ணி" என்றாள் நாத்தனார். "இப்ப வேற வழியும் இல்ல."

பிசியோதெரபி டாக்டரம்மாதான் யோசனை சொன்னாள். "காலுக்குத்தான் லீவு. தினமும் கண்ணை மூடிட்டு மனசுக்குள்ள தாண்டுங்க."

நாற்காலியில் சாய்ந்து தாண்டினாள். குதிகால் பட்டுக் கம்பி விழுந்தது. பத்துத் தடவை தாண்டினாள். பத்தும் விழுந்தது.

"ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" துணி மடித்தபடி நாத்தனார் கேட்டாள்.

"கம்பி விழுந்துடுச்சு."

"கற்பனைதானே? கொஞ்சம் இறக்கி வெச்சுக்கங்க!"

சிரிப்பு வந்தாலும் சுருக்கென்றது. அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் முறையிட்டாள். அவள் போனில் நேரம் பார்த்துக்கொண்டு, "இப்பத் தாண்டுங்க, முடிஞ்சதும் விரலைத் தூக்குங்க" என்றாள். இரண்டே வினாடியில் விரல் எழும்பியது. போன வருஷப் போட்டி வீடியோவில் அதே ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் நாலரை வினாடி.

"உங்களை நீங்களே வெளியில நின்னு வேடிக்கை பார்க்கிறீங்க, அதுவும் அவசர அவசரமா. உள்ள இருந்து ஓடுங்க."

அன்றிலிருந்து ஒவ்வோர் எட்டாக ஓடினாள். தரையின் சூடு, வளைவில் உடம்பு சாய்வது, இடது கால் ஊன்றியதும் முதுகுக்குக் கீழே நழுவுகிற கம்பி. நாத்தனார் கடிகாரம் பிடித்தாள். மூன்றாம் வாரம் கம்பி அசையாமல் நின்றது. கட்டுக்குள் கெண்டைக்கால் துடித்ததை அவளே உணர்ந்தாள்.

கட்டுப் பிரித்த பிறகு கால் குச்சி மாதிரி இருந்தது. விடியற்காலையில் நடந்தாள், பிறகு ஓடினாள், கடைசி மாதம்தான் தாண்டினாள்.

போட்டியன்று ஒரு மீட்டர் நாற்பத்தெட்டு சென்டிமீட்டரில் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவதற்கு முன் கண்ணை மூடினாள். நடுவர் கொடியை ஆட்டி அவசரப்படுத்தினார். அவள் மனசுக்குள் கடைசி எட்டுவரை ஓடி முடித்துத்தான் கண்ணைத் திறந்தாள். தாண்டினாள். கம்பி நடுங்கி, நின்றது.

அடுத்த உயரத்தில் மூன்று தடவையும் விழுந்தது. இந்த முறையும் இரண்டாம் இடம்தான். ஆனால் இதற்கு முன் அவள் இவ்வளவு உயரம் தாண்டியதே இல்லை.

"விடுங்க அண்ணி, இந்தக் காலை வெச்சுக்கிட்டு இதுவே பெருசு" என்றாள் நாத்தனார்.

"இரு, பேசாதே" என்று தாண்டி விழும் மெத்தை ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடினாள் அவள். "எந்த எட்டுல தப்பு பண்ணேன்னு மறக்கிறதுக்குள்ள ஒரு தடவை ஓடிப் பார்த்துடறேன்."