ரோஜா மட்டும் வந்த நாட்கள்

எங்கள் வீட்டுக்கு வாசம் கிடையாது. கருப்பு மட்டும்தான். மைசூரில், ரயில் பாதையை ஒட்டிய தெருவில், ஒற்றை அறைக்குள் உட்கார்ந்து அம்மா நாள் முழுக்க ஊதுபத்தி உருட்டுவாள். கரித்தூளைப் பசைத்தூளோடு பிசைந்து, மூங்கில் குச்சியைப் பலகைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒரே தேய்ப்பு. சுவர், தலையணை உறை, என் சீருடைக் காலர், அம்மாவின் கைரேகை என்று எல்லாவற்றிலும் கரி ஏறியிருந்தது. ஆனால் உருட்டிய பத்திக்கு மணம் இராது. அதை ஏற்றுவது தொழிற்சாலையில். அங்கே வாசனை எண்ணெய்த் தொட்டியில் கட்டுக்கட்டாகப் பத்தியை முக்கியெடுப்பது அப்பாவின் வேலை. மணம் என்பது சாயங்காலம் தெருக்கோடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வரும் பொருளாக இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா கேட்பார்: “கண்ணு, இன்னிக்கு என்ன?”

நான் ஓடிப்போய் அவர் சட்டையில் முகத்தைப் புதைப்பேன். மல்லிகை என்பேன். மறுநாள் தாழம்பூ. அதற்கடுத்த நாள் சந்தனம். “ஆமா, அதேதான்” என்பார். எங்களுக்கு அது விளையாட்டு. அவருக்கோ வருஷக்கணக்கில் தொட்டிமேல் குனிந்து நின்றதில் மூக்கே செத்துப்போயிருந்தது. அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் தெரியாது. தன்மேல் தான் சுமந்து வருவதை என் வாயால் கேட்டுத்தான் அவர் அறிந்துகொள்வார்.

அந்த வருஷம் எங்கள் கன்னடப் பள்ளிக்குப் புதிதாக ஒரு மிஸ் வந்தார். சனிக்கிழமை கடைசி வகுப்பில் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு யோசிக்கச் சொல்வார். யோசிப்பதற்கென்று ஒரு வகுப்பு இருக்கும் என்பதே எங்களுக்குப் புதிது.

“மழை பெய்தால் மைதானம் நனையும். மைதானம் நனையவில்லை. அப்படியென்றால்?”

“மழை பெய்யவில்லை!” என்று கத்தினோம்.

“பார்த்தீர்களா, வானத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள்” என்றார் மிஸ். “இதற்கு மறுபாதி ஒன்று இருக்கிறது” என்று அவர் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது.

பார்க்காமலே சொல்வது. அந்தச் சொல் என்னைப் பித்துப்பிடித்தாற்போல் ஆட்டியது. கையில் ஒரு சாவி கிடைத்த மாதிரி, பார்த்த பூட்டிலெல்லாம் நுழைத்துப் பார்க்கத் துடித்தேன்.

திங்கட்கிழமை அது நுழைந்தது. அப்பா வந்தார், கேட்டார், நான் முகத்தைப் புதைத்தேன். வெயில். வியர்வை. புழுதி. வேறொன்றும் இல்லை.

“ஒண்ணுமே இல்லப்பா.”

அப்பா தன் சட்டைக் கையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார். எதுவும் தெரியாத மூக்கு. “சரக்கு வரல கண்ணு, இன்னிக்கு சும்மாதான் இருந்தோம்” என்றபடி முகம் கழுவப் போனார்.

சும்மா இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாள் இருந்தவர்மேல் மணம் ஏறாமல் இருக்காது. அது எனக்குத் தெரியும். அம்மாவின் காதருகே குனிந்தேன்.

“வேலைக்குப் போனா வாசம் வரும். வாசம் வரல. அப்ப, அப்பா வேலைக்குப் போகல.”

அம்மாவின் கையில் இருந்த குச்சி ஒடிந்தது. ஒடிந்ததைக் கரிக்குவியலிலேயே போட்டாள். “யாரு சொல்லிக் குடுத்தா?”

“மிஸ்.”

“நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க” என்றாள் அம்மா. பிறகு, “புதங்கெழம மாமா வர்றாரு. அவருகிட்ட இதையெல்லாம் ஒளறி வெக்காத, புள்ள” என்றாள்.

மாமா அம்மாவின் அண்ணன். கொள்ளேகாலைத் தாண்டி மார்டள்ளிப் பக்கம் நிலபுலத்தோடு இருப்பவர். போன தடவை வந்தபோதே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “இவருக்கு வேல போச்சுன்னா அடுத்த பஸ்ஸுல புள்ளையக் கூட்டிக்கிட்டு வந்துரு. அங்க சோத்துக்குப் பஞ்சமில்ல.” அந்தப் பேச்சில் அப்பாவுக்கு இடமில்லை. கதவுக்கு வெளியே செருப்பை மாட்டியபடி அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாமா ராகி மூட்டையோடு வந்து இறங்கினார். பலகையை ஒதுக்கி அவருக்குப் பாய் போட்டோம். சாயங்காலம் ஆனதும் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “தண்ணி புடிச்சுக்கிட்டு வந்தர்றேன்” என்று கிளம்பினாள். தெருக்கோடிக் குழாயை, அக்கம்பக்கத்துக் கன்னடக்காரர்களைப் போலவே, நாங்களும் நல்லி என்போம். அதில் காலையில் மட்டும்தான் தண்ணீர் வரும்.

காலிக் குடத்தோடு திரும்பினாள். பின்னால் அப்பா.

“வரலையா?” என்றார் மாமா.

“வரலண்ணா.”

அப்பா அன்றைக்கு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வாசலில் கிடந்த மாமாவின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்னங் மாப்ள, கம்பெனியெல்லாம் எப்புடிப் போவுது? ஆளக் கொறைக்கறாங்கன்னு ஊருல ஒரே பேச்சாக் கெடக்குதே.”

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் நான் பாய்ந்து அவர் தோளுக்குக் கீழே முகத்தைப் புதைத்துவிட்டேன்.

“ரோஜா!”

என் கன்னத்துக்கடியில் அவர் மூச்சு நின்றது தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்போரம் உட்கார்ந்து, ஈரமே படாத குடத்தின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

“ஆமா கண்ணு” என்றார் அப்பா. “ரோஜாதான்.”

மாமாவும் மோந்து பார்த்துச் சிரித்தார். “அட, ஆமா! புது மாப்ளையாட்டம் மணக்கறீங்களே!”

எனக்குத் தாங்கவில்லை. விரல் நீட்டி மாமாவுக்கு விளக்கினேன். “வேலைக்குப் போனா வாசம் வரும் மாமா. வாசம் வந்திருக்குது. அப்ப, வேலைக்குப் போயிருக்காரு!”

“இவள வக்கீலுக்குப் படிக்க வெய்யுங்க” என்றார் மாமா. மறுநாள் காலை கொள்ளேகால் பஸ்ஸில் நிம்மதியாக ஊருக்குப் போனார். தனியாக.

அதன்பின் தினமும் ரோஜாதான். மல்லிகை வரவில்லை, தாழம்பூ வரவில்லை. தொழிற்சாலைக்கு ரோஜாவுக்கு மட்டும் பெரிய ஆர்டர் வந்திருக்கிறது என்று நானே காரணமும் கண்டுபிடித்தேன். கடுகு டப்பாவுக்குள் சுண்டுவிரல் அளவில் ஓர் அத்தர்க் குப்பியும் கொஞ்சம் பஞ்சும் இருந்தன. அதையும் பார்த்தேன். பாவம், அம்மாவும் ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்பா அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பவே இல்லை என்பதும், மாதக்கணக்கில் கூலிக்கு நிற்கும் இடங்களில் நின்றுவிட்டுத் தொழிற்சாலை விடும் நேரத்துக்குத் தெருவுக்குள் நுழைவார் என்பதும் பின்னால் தெரிந்தவை.

அந்த வாரச் சனிக்கிழமை மிஸ் விட்ட இடத்தில் தொடங்கினார். “மழை பெய்தால் மைதானம் நனையும். மைதானம் நனைந்திருக்கிறது. அப்படியென்றால்?”

முதலில் எழுந்தவள் நான். “மழை பெய்தது!”

மிஸ் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து சிமெண்ட் தரையில் ஊற்றினார். “மழை பெய்ததா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாக. தண்ணீர் பெஞ்சுக்கு அடியில் நூலாக ஊர்ந்து என்னை நோக்கி வந்தது. நனையாமல் இருக்கக் காலைத் தூக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது நல்லியடியில் அம்மாவைப் பார்த்தேன். காலிக் குடம் தரையில் இருந்தது. வேறு யாருமே இல்லை. தொழிற்சாலை இல்லாத திசையிலிருந்து அப்பா வந்து அவள்முன் நின்றார். அம்மா முந்தானை நுனியால் அவர் தோள் தூசியைத் தட்டிவிட்டாள். தூசிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

எனக்கு அம்மாமேல் இரக்கமாக இருந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் வராது என்றுகூடத் தெரியாமல் தினமும் வந்து நிற்கிறாளே. வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

“தண்ணி வந்தா நல்லிகிட்ட வரிசை நிக்கும்மா. வரிசை நிக்கல. அப்ப, தண்ணி வராது. போய்ப் பாக்கவே வேண்டாம்.”

அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கரிக்கையால் என் கன்னத்தைத் தொட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடியும் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.